சுமாரானதைச் சிறப்பு என்று சொல்வதால் யாருக்கு நன்மை?

3 பிப்ரவரி, காலை. வாசகர் கேள்வி

எங்கள் குழுவில் ஆறு பேர் எழுதுகிறோம். அவர்களில் ஒருவருடைய எழுத்து மற்றவர்களுடையதைவிட எல்லா வகையிலும் மேலானது. இது குழுவில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மாதக் கூட்டத்தில் ஆறு பேருக்கும் ஒரே அளவில்தான் பாராட்டு வழங்கப்படுகிறது. யாருடைய மனமும் புண்படக் கூடாது என்பதே காரணம். சென்ற வாரம் அவர் என்னிடம், "இனி நானும் ஒப்பேற்றிவிட்டுப் போகிறேன்" என்றார். கூட்டத்தை நடத்துகிற பொறுப்பு என்னுடையது. சிறந்ததைச் சிறந்தது என்று வெளிப்படையாகச் சொன்னால் அது மேட்டிமைத்தனம் ஆகிவிடுமா? சொல்லாமல் விடுவதுதான் தவறா?

3 பிப்ரவரி, இரவு

சொல்லாமல் விடுவதுதான் தவறு. யாருடைய மனமும் புண்படக் கூடாது என்று நீங்கள் எடுத்த முடிவு, குழுவிலேயே அதிகம் மெனக்கெடுகிற ஒருவரின் மனத்தை மட்டும் தேடிப் பிடித்துப் புண்படுத்தியிருக்கிறது. மற்ற ஐவருக்கும் அந்தப் பாராட்டால் பயன் இல்லை. தங்கள் எழுத்தில் எது நன்றாக வந்திருக்கிறது, எது வரவில்லை என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கும் போய்விட்டது.

நான் புத்தக வடிவமைப்பிலும் மெய்ப்புத் திருத்தத்திலும் நெடுங்காலமாக வேலை செய்கிறவன். அந்த வேலையிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். நூலின் கடைசியில் பொருளடைவு ஒன்று வரும் அல்லவா? ஏனோதானோவென்று செய்யப்பட்ட அடைவில் 'மழை' என்ற தலைப்புக்கு எதிரே 4, 17, 23, 41, 56, 78, 90, 112 என்று எண்கள் வரிசையாக நிற்கும். வாசகர் எட்டுப் பக்கங்களையும் புரட்டித்தான் தமக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்க வேண்டும்; அவற்றில் பாதியில் மழை என்ற சொல் தற்செயலாக வந்து போயிருக்கும். கருத்தூன்றிச் செய்யப்பட்ட அடைவில் அதே தலைப்பின் கீழ் 'அளக்கும் முறை, 17', 'தாமதத்தின் காரணங்கள், 41', 'மண்ணரிப்பு, 78' என்று உட்பிரிவுகள் இருக்கும். போகிற போக்கில் மழையைக் குறிப்பிடும் பக்கங்கள் நீக்கப்பட்டிருக்கும். 'பொழிவு' என்று தேடி வருகிறவரை, 'மழை என்பதைப் பார்க்க' என்று அது கைகாட்டி அனுப்பும். இரண்டு அடைவுகளிலும் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டாவதைச் செய்தவர் நூல் முழுவதையும் படித்து, அதில் நாளை எதையோ தேடப்போகும், தாம் ஒருபோதும் சந்திக்கப்போகாத ஒருவருக்காக யோசித்திருக்கிறார்.

முன்பு நான் வேலை செய்த இடத்தில் அப்படி அடைவு தயாரிப்பவர் ஒருவர் இருந்தார். எண்களை மட்டும் அடுக்கித் தருகிறவர்களுக்குக் கிடைத்த அதே பாராட்டுத்தான் அவருக்கும் கிடைத்தது. அதே கால அவகாசமும்தான். அவர் சண்டை போடவில்லை, குறை கூறவும் இல்லை. சிறிது காலத்தில் அவருடைய அடைவுகளில் உட்பிரிவுகள் குறைந்தன, பிறகு அவரும் விலகிப் போனார். அவர் போன பிறகு அங்கே தயாரான நூல்களில் ஒன்றில்கூட அப்படி ஓர் அடைவை நான் பார்க்கவில்லை. எதை இழந்தோம் என்பது அங்கே பெரும்பாலோருக்குத் தெரியவே இல்லை.

4 பிப்ரவரி

எல்லா வேலையிலும் உச்சத்தைத் தொட வேண்டும் என்று நான் சொல்வதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை.

மனிதர்கள் பெரும்பாலும் மிகச் சிறந்த தெரிவைத் தேடி அலைவதில்லை, தங்கள் தேவைக்குப் போதுமான ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள் என்று ஹெர்பர்ட் சைமன் 1956இல் எழுதினார். பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு 1978இல் அவருக்கு வழங்கப்பட்டது. காலமும் கவனமும் அளவோடு இருக்கும்போது அப்படி நிறுத்துவதுதான் அறிவுடைமை. மூடிய அறைக்குள் மூன்று பேர் படித்துவிட்டுக் கிழித்துப் போடும் குறிப்பைச் செதுக்கிக்கொண்டிருப்பது வீண் வேலை.

ஆகவே போதுமானதோடு எனக்குப் பகை இல்லை. போதுமானதைப் போதுமானது என்றே அறிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். 'இந்த வேலைக்கு இவ்வளவு போதும்' என்று தெரிந்து நிறுத்துகிறவருக்கு, இதைவிட மேலான ஒன்று எப்படி இருக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் அருமை என்று சொல்லிப் பழகியவருக்கு, அந்த அறிவு நாளடைவில் மழுங்கிப் போகிறது.

6 பிப்ரவரி

"எது சிறந்தது என்று தீர்மானிக்க நீங்கள் யார்?" என்ற கேள்வி வந்திருக்கிறது. வர வேண்டிய கேள்விதான். இதற்கு வரலாற்றிலிருந்து எனக்கே உறுத்தலாக இருக்கும் ஒரு நிகழ்ச்சியை முன்வைக்கிறேன்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரத் தேவாலயங்களின் இசைப் பொறுப்பாளராக இருந்த கூனாவ் 1722இல் இறந்தார். நகர மன்றம் முதலில் டெலிமான் என்ற இசையமைப்பாளரைத்தான் விரும்பியது. அவரைத் தேர்ந்தெடுக்கவும் செய்தது. ஆனால் அவர் ஹாம்பர்க்கிலேயே தங்கிவிட்டார். அடுத்து கிராவுப்னர் என்ற இன்னோர் இசையமைப்பாளரை அழைத்தது. டார்ம்ஸ்டாட்டில் அவர் பணியாற்றிய ஆட்சியாளர் அவரை விடுவிக்க மறுத்துவிட்டார். அதன் பிறகே யோகான் செபாஸ்டியன் பாக் பெயர் முன்னுக்கு வந்தது. 1723 ஏப்ரலில் நடந்த கூட்டத்தில் பிளாட்ஸ் என்ற உறுப்பினர், மிகச் சிறந்தவர்கள் கிடைக்காத நிலையில் நடுத்தரமானவர்களை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்ற பொருளில் பேசியது மன்றக் குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

அவர் பாக்கின் இசையைத்தான் நடுத்தரம் என்றாரா என்பது விவாதத்துக்கு உரியது. அந்தப் பதவியோடு பள்ளியில் இலத்தீன் கற்பிக்கும் கடமையும் ஒட்டிக்கொண்டிருந்தது. மன்றத்தில் நடந்த வாக்குவாதத்தில் பெரும் பகுதி அதைச் சுற்றியதுதான். ஆனால் அதுவே எனக்குப் பாடமாகத் தோன்றுகிறது. இசைக்கு ஆள் எடுக்கும்போது இலத்தீன் வகுப்பை யார் எடுப்பார் என்பது அளவுகோல்களில் ஒன்றாக இருந்தால், உலகமே இன்று வியக்கும் ஒருவரும் மூன்றாம் இடத்துக்குத்தான் வருவார். அந்த மன்றத்தில் இருந்தவர்கள் மூடர்கள் அல்லர். தங்கள் நிருவாகத்துக்கு எது வசதி என்று பார்த்தார்கள். சுமாரானதைத் தேர்ந்தெடுப்பவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்வது அரிது. வேலையின் உயிர்நாடி அல்லாத ஒன்றை அளந்து, அந்த அளவில் தேறியதை எடுத்துக்கொள்கிறார்கள்.

ஆக, 'தீர்மானிக்க நீங்கள் யார்' என்று கேட்பவருக்கு என் மறுமொழி இது: யார் என்று கேட்பதற்கு முன், எதை வைத்துத் தீர்மானிக்கிறார்கள் என்று கேளுங்கள். அளவுகோலை மேசைமேல் வைத்துவிட்டால் தீர்ப்பையும் சோதிக்கலாம். அளவுகோலைச் சொல்லாமல் வெறுமனே பாராட்டினாலும் இகழ்ந்தாலும் அதைச் சோதிக்க வழியில்லை.

6 பிப்ரவரி, பின்னிரவு

பாக் 1750இல் இறந்தார். இசை பயின்றவர்கள் அவரை மறக்கவே இல்லை, அவருடைய விசைப்பலகைப் படைப்புகள் கைப்படிகளாகச் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. ஆனால் மத்தேயு நற்செய்தியின்படி அவர் அமைத்த திருப்பாடுகளின் இசை பொதுமக்கள் காதில் மீண்டும் விழுவதற்கு, இருபது வயதான இசையமைப்பாளர் மெண்டல்சோன் 1829இல் பெர்லினில் அதை நடத்த வேண்டியிருந்தது. நல்லது எப்படியும் வென்றுவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வெல்லலாம். ஆனால் அது தானாக நடக்கவில்லை. அந்தக் கைப்படிகளை எடுத்து எழுதியவர்களும் வைத்துக் காத்தவர்களும் அவற்றின் அருமையை அறிந்திருந்தார்கள்.

8 பிப்ரவரி

'மக்கள் அதிகம் விரும்புவதே சிறந்தது. மற்றதெல்லாம் பண்டிதர்களின் பொறாமை' என்ற கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. சல்கானிக், டாட்ஸ், வாட்ஸ் ஆகிய மூவரும் 2006இல் வெளியிட்டது. அறியப்படாத இசைக்குழுக்களின் 48 பாடல்களை இணையத்தில் வைத்தார்கள். பதினான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் கேட்டார்கள். ஒரு பிரிவினருக்குப் பாடல்கள் மட்டுமே காட்டப்பட்டன. மற்றவர்கள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத எட்டு 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டார்கள். இவர்களுக்கு மட்டும், தங்கள் உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையும் தெரிந்தது.

ஒரே 48 பாடல்கள்தான். ஆனால் எட்டு உலகங்களிலும் வெற்றி பெற்றவை வேறுவேறு. பிறர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது தெரிந்த உடனே, முன்னால் இருப்பது மேலும் முன்னேறியது, பின்னால் இருப்பது மேலும் பின்தங்கியது. அதே நேரம், எண்ணிக்கை தெரியாமல் கேட்டவர்கள் மிகவும் விரும்பிய பாடல்கள் எந்த உலகத்திலும் அடிமட்டத்துக்குப் போனது அரிது. அவர்கள் ஒதுக்கியவை உச்சிக்கு வந்ததும் அரிது. இடைப்பட்ட பாடல்களுக்கு எது வேண்டுமானாலும் நடந்தது.

இவர்களில் இருவர் 2008இல் வெளியிட்ட தொடர் ஆய்வு எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. அதில் தரவரிசையையே தலைகீழாக்கிக் காட்டினார்கள். பல பாடல்களுக்கு அந்தப் பொய்யான இடமே நிலைத்துவிட்டது. மிக நல்ல பாடல்களில் சில மட்டும் காலப்போக்கில் மெல்ல மேலேறின. தலைகீழ்ப் பட்டியலைப் பார்த்தவர்கள் மொத்தமாகவே குறைவான பாடல்களைப் பதிவிறக்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். சுமாரானதை முன்னால் நிறுத்தினால், மக்கள் அதை ரசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறோம். அவர்கள் அந்த இடத்தை விட்டே எழுந்து போய்விடவும் கூடும்.

9 பிப்ரவரி

வல்லுநர்களும் ஏமாந்திருக்கிறார்களே என்கிறார் ஒரு நண்பர். உண்மைதான். பதினேழாம் நூற்றாண்டு டச்சு ஓவியரான வெர்மீரின் ஓவியங்களைப் பற்றிப் பேசும் தகுதி படைத்தவர் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்ட கலை வரலாற்றாளர் பிரேடியுஸ், வான் மேகெரன் வரைந்த போலி ஓவியம் ஒன்றை வெர்மீரின் தலைசிறந்த படைப்பு என்று 1937இல் கொண்டாடினார். ராட்டர்டாம் அருங்காட்சியகமும் அதை வாங்கியது. 1945இல் கைதான வான் மேகெரன் தானே ஒப்புக்கொண்ட பிறகுதான் உண்மை வெளிவந்தது. இன்று அந்த ஓவியத்தைப் பார்க்கிறவர்கள், அதிலுள்ள முகங்களில் 1930களின் சாயலே தெரிகிறது என்கிறார்கள். வெர்மீர் சமயக் காட்சிகளை வரைந்த காலம் ஒன்று இருந்திருக்க வேண்டும் என்று அறிஞர்கள் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அந்த எதிர்பார்ப்பைத்தான் போலி நிறைவேற்றியது.

இதிலிருந்து சிறப்பு என்று ஒன்று இல்லவே இல்லை என்ற முடிவுக்கு வர முடியாது. பெயரைப் பார்த்துவிட்டுப் பொருளைப் பார்த்தால் கண் ஏமாறும் என்பதே முடிவு. வயலின்களிலும் இதுவே நடந்தது. முன்னூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த புகழ்பெற்ற இத்தாலிய வயலின் கைவினைஞர் ஸ்ட்ராடிவரியின் கருவிகளையும் இன்றைய கைவினைஞர்கள் செய்தவற்றையும், எது எது என்று தெரியாதவாறு தேர்ந்த கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொன்ன ஆய்வுகள் 2012இலும் 2014இலும் வெளியாயின. பழையது எது, புதியது எது என்பதை அவர்களால் நம்பகமாகச் சொல்ல முடியவில்லை. 2014 ஆய்வில் பத்துப் பேரில் அறுவர் புதிய வயலினையே தேர்ந்தெடுத்தார்கள். இதைப் படித்துவிட்டுப் பலர் ஸ்ட்ராடிவரியைக் குறைத்துப் பேசினார்கள். எனக்கோ, பெயர் வெளியே தெரியாமல் இன்று பட்டறையில் உட்கார்ந்து மரத்தை இழைத்துக்கொண்டிருப்பவர்களை நினைத்து மகிழ்ச்சிதான் ஏற்பட்டது.

13 பிப்ரவரி

இடையில் சில நாட்களாக வேலை மிகுதி. இப்போது என் தொழிலுக்கு நெருக்கமான ஒன்றைப் பற்றி விரிவாக எழுதுகிறேன். நுணுக்கம் பிடிக்காதவர்கள் அடுத்த குறிப்புக்குப் போய்விடலாம்.

டொனால்ட் கனூத் என்ற கணினி அறிவியலாளர் 1977இல் தம் பெருநூலின் இரண்டாம் தொகுதியுடைய மறுபதிப்புக்கான மெய்ப்புகளைப் பார்த்தார். முதற்பதிப்பு உலோக எழுத்துகளால் அச்சானது. மறுபதிப்போ அப்போது புதிதாக வந்திருந்த ஒளியச்சுக் கோப்பு முறையில் தயாரானது. பக்கத்தின் தோற்றம் அவருக்குப் பொறுக்கவில்லை. உள்ளடக்கத்தில் ஒரு குறையும் இல்லை, எழுத்தைப் படிக்கவும் முடிந்தது, பதிப்பகமும் வெளியிட அணியமாக இருந்தது. போதும் என்று விட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எழுதிக்கொண்டிருந்த நூலை நிறுத்திவைத்துவிட்டு, எழுத்துக் கோப்புக்கான மென்பொருளையே தாமாக எழுதத் தொடங்கினார். ஓராண்டு விடுப்பில் முடித்துவிடலாம் என்று எண்ணிய வேலை, ஏறக்குறைய பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது. டெக் என்ற அந்த மென்பொருளில்தான் இன்றும் கணித ஆய்வுக் கட்டுரைகள் பெருமளவில் உருவாகின்றன.

அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால்தான் இந்த இழையில் நாம் பேசும் சிறப்பு கண்ணுக்குத் தெரியும். ஒரு பத்தியை வரிகளாகப் பிரிக்க எளிய வழி, முதல் வரியில் எத்தனை சொற்கள் அடங்குமோ அத்தனையையும் போட்டுவிட்டு இரண்டாம் வரிக்குப் போவது. முதல் வரி அழகாக அமைந்துவிடும். அதனால் நான்காம் வரியில் ஒரு நீண்ட சொல் இடறி, சொற்களுக்கு இடையே பள்ளம் விழும். நீண்ட சொற்கள் மிகுந்த தமிழில் குறுகிய பத்திகளை இரு ஓரமும் சீராக நிறுத்திப் பார்த்தவர்களுக்கு அந்தப் பள்ளம் நன்றாகவே தெரியும். கனூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறை முழுப் பத்தியையும் ஒரே நேரத்தில் பார்க்கிறது. ஒவ்வொரு வரியிலும் இடைவெளி எவ்வளவு இழுக்கப்பட்டிருக்கிறதோ, அந்த விகிதத்தை மூன்று முறை பெருக்கி வரும் எண்ணுக்கு (கனத்துக்கு) ஏற்பக் குற்றப்புள்ளி கூடுகிறது. இரண்டு மடங்கு இழுத்தால் எட்டு மடங்கு குற்றம். மூன்று மடங்கு இழுத்தால் இருபத்தேழு மடங்கு. மொத்தக் குற்றம் எந்தப் பிரிப்பில் மிகக் குறைவோ, அதையே மென்பொருள் தேர்ந்தெடுக்கிறது. பத்தியின் கடைசிச் சொல்லை மாற்றினால் முதல் வரி முறியும் இடமே மாறிவிடக் கூடும்.

வாசகருக்கு இது எதுவும் தெரியப்போவதில்லை. பக்கம் இடறாமல் ஓடுகிறது என்பதை மட்டும், அதுவும் தம்மை அறியாமல், அவர் உணர்வார். நான் இந்த முறையைக் கற்றுக்கொண்ட பிறகு, பக்கத்தைப் பார்க்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. அதற்கு முன் ஒவ்வொரு வரியையும் தனியாகத் திருத்திக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தம் நூல்களில் பிழை கண்டுபிடிக்கிறவர்களுக்கு கனூத் 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். தம்முடைய வேலை சிறந்தது என்று அறிந்த ஒருவர், அதில் உள்ள குறையைக் காசு கொடுத்துத் தேடச் சொன்னார். சிறப்பை மதிப்பது ஆணவம் என்று இங்கே எழுதியவர் இதை எப்படிப் பார்க்கிறார் என்று அறிய விரும்புகிறேன்.

14 பிப்ரவரி

ஒரு செவிலியர் எழுதியிருக்கும் கருத்து என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. ஒருவரின் உச்சத்தைவிட எல்லோரின் அடிமட்டம் உயர்வதுதான் தம் துறையில் உயிரைக் காக்கும் என்கிறார். அவர் சொல்வதற்குச் சான்று உண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறுவைச் சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலை எட்டு நகரங்களின் எட்டு மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்து 2009இல் வெளியான ஆய்வில், இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 விழுக்காட்டிலிருந்து 7 ஆகவும் குறைந்தன. நோயாளியின் பெயரைக் கேட்டு உறுதிசெய்வது, பஞ்சுகளை எண்ணுவது போன்ற எளிய செயல்கள்தான் அந்தப் பட்டியலில் இருப்பவை.

ஆனால் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இத்தகைய பட்டியல் கட்டாயமாக்கப்பட்ட பிறகு 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வில், இறப்பிலும் சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க குறைவு எதுவும் தென்படவில்லை. காரணம் என்ன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. கட்டங்களில் கடனே என்று குறி போட்டால் பட்டியல் பலன் தராது என்பது மருத்துவர்கள் பலர் கூறும் விளக்கம். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது.

4ஆம் தேதி நான் எழுதிய குறிப்பை இதனோடு சேர்த்துப் படியுங்கள். அடிமட்டத்தை உயர்த்துவதும் சிறப்பை மதிப்பதும் எதிரெதிர் வேலைகள் அல்ல. ஒரு நல்ல பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கவே துறையின் மிகச் சிறந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். கிடைத்த பட்டியலைக் கண்ணும் கருத்துமாக நிறைவேற்றும் செவிலியரின் வேலையையும் நான் சிறப்பு என்றே சொல்வேன். அதற்கு மேடையும் விருதும் கிடைப்பதில்லை என்பது வேறு கதை.

17 பிப்ரவரி

'எனக்கு அந்தத் திறமை பிறவியில் இல்லை; சிறப்பைப் பற்றிய பேச்சு என்னைச் சோர்வடையவே செய்கிறது' என்று எழுதியவருக்கு.

பத்தாயிரம் மணிநேரம் உழைத்தால் எவரும் எதையும் எட்டலாம் என்று உங்களுக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன். உளவியலாளர் எரிக்சனும் உடனிருந்தவர்களும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், பெர்லின் இசைக் கல்லூரியின் மிகச் சிறந்த வயலின் மாணவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாக அவ்வளவு நேரம் தனியே பயின்றிருந்தார்கள் என்பது உண்மை. ஆனால் அது ஒரு சராசரிதான். அதை யாருக்கும் பொருந்தும் விதி என்று எடுத்துக்கொண்டதை எரிக்சனே ஏற்கவில்லை. 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், திறமை வேறுபாட்டில் இசையில் 21 விழுக்காட்டையும் விளையாட்டுப் போட்டிகளில் 18 விழுக்காட்டையும் மட்டுமே திட்டமிட்ட பயிற்சி விளக்குகிறது என்றார்கள். பயிற்சிக்குப் பயன் உண்டு. எல்லாமே பயிற்சி அல்ல.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறு. நான் நல்ல அடைவு செய்யக் கூடியவன். ஆனால் முதல் குறிப்பில் சொன்னவர் செய்ததைப் போன்ற ஒன்றை என்னால் செய்ய முடியாது. இது எனக்கு நன்றாகத் தெரியும், இதனால் என் நாட்கள் கசந்துவிடவில்லை. அவருடைய அடைவைக் கையில் எடுக்கும்போதெல்லாம், ஒரு வேலை எவ்வளவு தூரம் போகக் கூடும் என்பது எனக்குத் தெரிகிறது. அது தெரிந்ததால்தான் என் அடைவும் முன்பைவிட மேம்பட்டது. அவருடையதும் என்னுடையதும் ஒன்றுதான் என்று யாராவது இனிமையாகச் சொல்லியிருந்தால், நான் அங்கேயே நின்றிருப்பேன்.

18 பிப்ரவரி

மேலே எழுதியதில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். எந்நேரமும் மிகச் சிறந்ததையே தேடி அலைகிறவர்கள் நிம்மதியாக இருப்பதில்லை என்று ஒரு வாசகர் சுட்டியிருக்கிறார். வேலை தேடிய மாணவர்களைக் குறித்து 2006இல் வெளியான ஆய்வு ஒன்றில், எப்போதும் உச்சத்தையே தேடியவர்களுக்கு மற்றவர்களைவிட 20 விழுக்காடு அதிகத் தொடக்க ஊதியம் கிடைத்தது, ஆயினும் அவர்களுக்கு மனநிறைவு குறைவாகவே இருந்தது. இதை மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் தேடியது, தங்களுக்குக் கிடைப்பதில் சிறந்தது. நாம் பேசுவது, நம் கையால் செய்வதில் சிறந்தது. பிறருடைய தட்டை எட்டிப் பார்ப்பவருக்கு மனநிறைவு வருவது கடினம். வேலைக்குள் இறங்கிவிட்டவருக்கோ, நன்றாக வந்த ஒரு பக்கமே அன்றைய பொழுதை நிறைத்துவிடும். இதை நான் எத்தனையோ பேரிடம் கண்டிருக்கிறேன்.

21 பிப்ரவரி

குறையை எப்படிச் சொல்வது என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்த மூத்த மெய்ப்புத் திருத்துநர் செய்ததைச் சொல்கிறேன். அவர் ஒருபோதும் 'நன்றாக இல்லை' என்று சொன்னதில்லை. 'நன்றாக இருக்கிறது' என்றும் சொன்னதில்லை. பக்கத்தின் மேல் ஓர் அடிக்கோலை வைத்து ஒரு வரியை மட்டும் திறந்து காட்டுவார். "இந்த வரியில் எழுவாய் எங்கே இருக்கிறது, பயனிலை எங்கே இருக்கிறது, இடையில் எத்தனை சொற்கள் நிற்கின்றன, பாருங்கள்" என்பார். அவ்வளவுதான். பார்த்த உடனே தெரிந்துவிடும். பிறகு தமக்குப் பிடித்த ஒரு வரிக்கு அடிக்கோலை நகர்த்தி, அதையும் அதே குரலில் பிரித்துக் காட்டுவார். வயதில் மிகவும் இளையவனான என்னை நீங்கள் என்றே அழைத்தார்.

அவரிடம் நான் பட்ட வருத்தமெல்லாம் அந்த வரியைப் பற்றியதாகவே இருந்தது. என்னைப் பற்றியதாக அது ஒருநாளும் மாறவில்லை. அவர் ஒரு வரியைப் பார்த்து எதுவும் சொல்லாமல் தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனால், அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் பாவாது. எல்லோரையும் எல்லாவற்றுக்கும் பாராட்டுகிறவர்கள் எத்தனையோ பேருடன் பிறகு வேலை செய்திருக்கிறேன். அவர்கள் சொன்ன ஒரு வாக்கியம்கூட இன்று நினைவில் இல்லை.

22 பிப்ரவரி

முதல் கேள்வியைக் கேட்டவர், அடுத்த கூட்டம் 28ஆம் தேதி என்றும், என்ன செய்யட்டும் என்றும் கேட்டிருக்கிறார்.

ஆறு பேரையும் வரிசைப்படுத்தாதீர்கள். முதலிடம், இரண்டாமிடம் என்று ஒன்றும் வேண்டாம். மிக நன்றாக எழுதுகிறவருடைய கட்டுரையிலிருந்து ஒரே ஒரு பத்தியை எடுத்துத் திரையில் போடுங்கள். அதில் எது எப்படி வேலை செய்கிறது என்று பத்து நிமிடம் பேசுங்கள். தொடக்க வாக்கியம் எதை மறைத்து எதைச் சொல்கிறது, சான்று எந்த இடத்தில் வந்து நிற்கிறது, எதை அவர் எழுதாமல் விட்டிருக்கிறார் என்பனவற்றை எல்லோரும் பார்க்கட்டும். அவரையும் பேசச் சொல்லுங்கள். அந்தப் பத்திக்கு எத்தனை வரைவுகள் ஆயின என்று மற்ற ஐவரும் கேட்கட்டும். அதன் பிறகு அவருக்கு வேண்டிய அவகாசத்தைக் கொடுங்கள். பாராட்டைவிட அதைத்தான் அவர் எதிர்பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

மற்றவர்களிடம் தனித்தனியே பேசுங்கள். ஒவ்வொருவருடைய எழுத்திலும் ஒரே ஒரு வரியைத் திறந்து காட்டுங்கள்.

1 மார்ச்

கூட்டம் முடிந்ததாகவும், இருவருக்கு முகம் வாடியதாகவும், அவர்களில் ஒருவர் மறுநாளே தம் கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கோபத்தில் வாங்கினாரா, திருத்துவதற்காக வாங்கினாரா என்பது இப்போது தெரியாது. அவசரப்பட்டு அவரைச் சமாதானப்படுத்தப் போக வேண்டாம். அவருடைய அடுத்த வரைவு வந்ததும், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த வரி மாறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதைப் பற்றி மட்டும் அவரிடம் பேசுங்கள். அவர் ஒப்புக்கொண்டால் அந்த இரண்டு வரிகளையும் இங்கே இடுங்கள்.